தங்கச்சியை ஏற்றி வந்த வேகம்

விமான நிலையத்தின் வருகைக் கதவு திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் என் தங்கச்சி தள்ளுவண்டியோடு வெளியே வந்தபோது நான் சத்தம் போட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற ஒரு வெள்ளைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார். இரண்டு தடவை அவள் கேட்ட விசாவை இரண்டு தடவையும் மறுத்து, மூன்றாம் தடவை ஆறு மாதத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அத்தான் எங்கக்கா? காரு எங்க நிக்குது?”

“அத்தான் வேலைக்குப் போயிட்டாரு. கார நாந்தான் எடுத்துட்டு வந்தேன்.”

அவள் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். “நீயா?”

அந்த “நீயா”வுக்காகவே நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னாலும் தப்பில்லை. சிட்னிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் நான் காரில் இடதுபக்க சீட்டிலேயே உட்கார்ந்திருந்தவள். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கே போக வேண்டுமென்றாலும், “நான் கொண்டுபோய் விடுறன்” என்று சாவியை எடுத்துவிடுவார். டூங்கபியில் எங்கள் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் பல் வைத்தியரின் கிளினிக் நடந்து போகிற தூரம். அதனால் ஓட்டத் தெரியாதது ஒரு குறையாகவே தோன்றவில்லை. மகள் மெல்பனுக்கு வேலைக்குப் போன பிறகுதான், நாற்பத்தொன்பது வயதில், ஒருநாள் திடீரென்று ஆசை வந்தது. டெஸ்ட்டில் தோற்று, மறுபடி தோற்று, பிறகு பாஸ் செய்தேன். காரின் முன்னாலும் பின்னாலும் புது ஓட்டுநருக்கான சிவப்பு ‘பி’ அட்டையை ஒட்டிக்கொண்டு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குள்ள அத்தனை கட்டுப்பாடுகளோடும் நான் ரோட்டில் இறங்கினேன்.

தனியாக விமான நிலையம் வரை ஓட்டிப் போனது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது தங்கச்சி வாய் மூடவில்லை. ஊரில் அவள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேச்சுதான் அவள் தொழில். கஸ்டம்ஸில் தன்னை நிறுத்தியதை நடித்தே காட்டினாள். மோர் மிளகாய், கருவாட்டுப் பொடி, பருப்புப் பொடி என்று கொண்டுவந்த ஒவ்வொன்றையும் விமானத்தில் தந்த அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதிகாரி பையைத் திறந்து கருவாட்டுப் பொடியை முகர்ந்துவிட்டு ஓரடி பின்னால் போனாராம். “எல்லாத்தயும் சொல்லிட்டேன்ல, அவரால என்ன பண்ண முடியும்? தேங்க் யூ மேடம்னு சொல்லிட்டு விட்டுட்டாருக்கா!” நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது நாங்கள் ஒரு நீளமான சுரங்கப்பாதைக்குள் இருந்தோம். மஞ்சள் விளக்குகள் எங்கள் முகத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. வேக முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்க்கவில்லை.

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அபராத நோட்டீஸ் வந்தது. எண்பதில் போக வேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்று. கார் கணவர் பெயரில் இருந்ததால் நோட்டீஸும் அவர் பெயருக்கே வந்தது. அவர் வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று அதை வாசித்தார். கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மூக்கு முதலில் சிவக்கும். சிவக்கவில்லை.

“தொண்ணூற்றொண்டு!” என்றார். “நான் இருபது வருசமா ஓடுறன். எனக்கு இப்பிடி ஒண்டும் வந்ததில்லை.” அதைச் சொன்ன விதத்தில் லேசாக ஒரு பொறாமை இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிலைமையைச் சொன்னார். அவரைப் போலப் பழைய லைசென்ஸ்காரருக்கு இது அபராதத்தோடும் லைசென்ஸில் கழியும் சில புள்ளிகளோடும் போய்விடும். சிவப்பு ‘பி’ ஒட்டியவருக்கு அப்படியில்லை. வேகம் எவ்வளவு கூடியிருந்தாலும் லைசென்ஸ் மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தப்படும்.

“மூணு மாசமா?” என்று தங்கச்சி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் இருக்கப்போவதே ஆறு மாதம். நாங்கள் இருவரும் ஒரு வரைபடத்தைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி, போக வேண்டிய இடத்திலெல்லாம் பொட்டு வைத்திருந்தோம். கடற்கரைகள், மலைகள், திராட்சைத் தோட்டம், கங்காரு புல் மேய வருகிற ஒரு கோல்ஃப் மைதானம்.

“இஞ்ச பாரும்,” என்றார் கணவர் என்னிடம். “நோட்டீஸ் என்ர பேரில வந்திருக்கு. நான் பேசாமல் காசைக் கட்டினால் முடிஞ்சுது. நான்தான் ஓடினனான் எண்டு நினைப்பாங்கள். எனக்குப் பொயின்ற்ஸ் எல்லாம் அப்பிடியே கிடக்கு. இன்சூரன்சுக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உம்மட லைசென்ஸ் நிப்பாட்டினால் அதை அவங்களுக்குச் சொல்ல வேணும், பிறகு பிறீமியம் ஏறும்.”

உண்மையைச் சொன்னால், என் மனம் உடனே அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டது. எவ்வளவு சுலபம்! யாருக்கும் அடி விழாது. அவர் அன்பால்தான் சொல்கிறார். “சரி” என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

“அத்தான், அந்தக் கார் பாலிசி இருக்கா? நான் கொஞ்சம் பாக்கலாமா?” என்றாள் தங்கச்சி.

கணவர் கணினியிலிருந்து அச்சடித்துக் கொடுத்தார். தடிமனான கட்டு. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் வாரப் பத்திரிகை வாசிப்பது போல அவள் பாலிசி வாசிப்பாள். இடையிடையே, “அட!” என்றாள். “காரு சாவியத் தொலச்சாக்கூடக் குடுக்குறாங்கக்கா!” என்றாள். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தோம். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினாள். விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அத்தான், நீங்க சொல்றது சரிதான். அபராதம் மட்டும்னா இவங்க கேக்கல. லைசென்ஸ நிறுத்தி வெச்சாங்களான்னு கேக்குறாங்க. அக்கா பேரும் பாலிசில ஓட்டுறவங்கன்னு இருக்கு. நிறுத்த வேண்டிய லைசென்ஸ இப்ப மறச்சுட்டு, நாளைக்கு அக்கா எங்கயாவது இடிச்சுட்டாள்னு வைங்க…”

“ஆருக்குத் தெரியப்போகுது?”

அவள் பாலிசியை மூடி வைத்தாள். பிறகு தன் வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். ஸ்ரீரங்கத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த மனிதர். ஆயுள் பாலிசி எடுக்கும்போது சர்க்கரை வியாதி உண்டா என்று இவள் கேட்டாள். இல்லை என்றார். இவள் மறுபடியும் கேட்டாள். “என்னம்மா, என்னப் பாத்தா நோயாளி மாதிரியா இருக்கு?” என்று சிரித்தாராம். அடுத்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரிப் பதிவுகளில் பல வருடமாக மாத்திரை எடுத்தது தெரிந்து கம்பெனி கைவிரித்துவிட்டது.

“அவரு சம்சாரத்த நான்தான் ஆபீஸ் ஆபீஸாக் கூட்டிட்டு அலஞ்சேன். ஒண்ணும் நடக்கல. சொல்லியிருந்தா பிரீமியம் கொஞ்சம் கூட வந்திருக்கும், அவ்வளவுதான் அத்தான். அவரு எங்களயெல்லாம் ஏமாத்தணும்னு நெனைக்கல. சும்மா, ஈசியா இருக்கட்டும்னு.”

கணவர் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில், கார் சொந்தக்காரர் ஓட்டவில்லை என்றால் ஓட்டியது யார் என்று தெரிவிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மெல்பனிலிருந்து மகள் அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும், “அப்பா, தட்ஸ் அ க்ரைம்! டோன்ட் யூ டேர்!” என்றாள். பிறகு என்னிடம், “அம்மா, நைன்டி ஒன்? ரியலி?” என்று சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போது ஒரு விநோதமான உணர்ச்சி வந்தது. வெட்கத்தோடு கலந்த ஒரு பெருமை. இருபது வருடமாக வீட்டுக்கு வந்த வரி, வாடகை, கார், கரன்ட் எல்லாம் அவர் பெயரிலேயே வந்தன. முதன்முதலாக நான் செய்த ஒரு காரியத்துக்கு அரசாங்கம் என்னைத் தேடிக்கொண்டு வருகிறது. அதையும் அவருக்குக் கொடுத்துவிடுவதா?

“நான்தான் ஓட்டினேன்,” என்றேன். “என் பேரையே போடுங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “ஓம்,” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, என் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் அடித்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. என் பெயரில் புது நோட்டீஸ் வந்தது, கட்டினேன். பின்னாலேயே லைசென்ஸை நிறுத்தப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. சிவப்பு ‘பி’க்காரருக்கு இந்த நிறுத்தத்தை எதிர்த்துக் கோர்ட்டில் முறையிட உரிமை உண்டு என்று அதில் இருந்தது. முறையிட்டால், கோர்ட் தீர்ப்புச் சொல்லும்வரை ஓட்டலாம். நான் முறையிட்டேன். வழக்கறிஞர் வைக்கலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்ல இன்னொருவர் எதற்கு?

கோர்ட் நாள் வருவதற்குள் நாங்கள் ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. வேகத்தால் இல்லை. வேகத்தைக் காவல் காக்கும் பொறுப்பைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். பலகை கண்ணில் பட்டவுடனே பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பாள். “அம்பதுக்கா! அம்பது! ஸ்கூல் வருது, நாப்பது!” பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அவள் திரும்பி அவர்களுக்குக் கும்பிடு போடுவாள். ஒரு சனிக்கிழமை தெற்கே கடலோரமாகப் போனோம். மலையை விட்டு விலகிக் கடலின் மேலேயே வளைந்து போகும் பாலம் ஒன்று உண்டு. அதில் ஏறியதும் அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே நுரை. பாலத்தின் மறுமுனையில் காரை ஓரங்கட்டியதும் இருவரும் இறங்கிக் குதித்தோம். ஐம்பதைத் தொடப்போகிற இரண்டு பெண்கள், கடல் காற்றில் துப்பட்டா பறக்க, கார் நிறுத்துமிடத்தில் குதித்ததை ஒரு சைக்கிள்காரர் நின்று பார்த்துவிட்டுக் கைதட்டினார்.

கோர்ட் பரமட்டாவில். கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். முந்தின நாளெல்லாம் எனக்குப் பாடம் எடுத்திருந்தார்: “என்ர முதுகு நோவைச் சொல்லும். உம்மைவிட்டால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆளில்லை எண்டு சொல்லும்.” அவருக்கு முதுகு வலி உண்டுதான். ஆனால் அதோடேயே கூரையில் ஏறி இலை வாருகிறவர் அவர்.

வாசலில் பையை ஸ்கேன் செய்து உள்ளே விட்டார்கள். காத்திருந்தவர்களில் பெரும்பாலும் இளைஞர்கள். புதுச் சட்டை போட்டு, காலரின் மடிப்புக்கூடக் கலையாமல், பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அம்மா வயதில் இருந்துகொண்டு அம்மாவாக வராதவள் நான் ஒருத்திதான். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து முன்னால் போனேன். எனக்கு இருந்தது பயம் மட்டுமில்லை. பள்ளி மேடையில் பேச்சுப் போட்டிக்கு ஏறும்போது வருமே, அந்தத் துடிப்பு.

மாஜிஸ்ட்ரேட் பெண். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எப்போது லைசென்ஸ் எடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்டார்.

“யுவர் ஆனர், என் தங்கச்சி வந்திருந்தாள். பல வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்த்தேன். அவள் ஒரு கதை சொன்னாள், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முள்ளைப் பார்க்கவில்லை,” என்றேன் ஆங்கிலத்தில்.

“தங்கச்சி இங்கே இருக்கிறாரா?”

பின்வரிசையில் தங்கச்சி எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். அறையில் சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை.

“சுரங்கப்பாதையில் முன்னால் ஒரு கார் நின்றிருந்தால், அவரும் உங்களோடு போயிருப்பார். தெரியுமா?”

“தெரியும்,” என்றேன். அதுவரை தெரிந்திருக்கவில்லை. அவர் சொன்னபோதுதான், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அவள் முகம் கண்முன் வந்தது.

“வேலைக்குக் கார் தேவையா?”

பக்கவாட்டில் கணவர் தன் முதுகை லேசாகத் தொட்டுக் காட்டினார்.

“இல்லை, யுவர் ஆனர். நான் நடந்து போகலாம். ரயிலும் இருக்கிறது. தேவை என்று சொல்ல முடியாது. ஆசைதான். மூன்று மாதம் நிறுத்தினால், அவள் திரும்பிப் போகும்வரை நான் அவளை எங்கும் கூட்டிப் போக முடியாது. முழுவதையும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்கத்தான் வந்தேன்.”

அவர் எதையோ எழுதினார். நிமிர்ந்தார். தேவை இல்லை என்று இந்த அறையில் ஒருவர் சொல்லி நீண்ட நாளாகிறது என்றார். வேகத்தை அப்படியே விட்டுவிட முடியாது என்றும், மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைப்பதாகவும் சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வரும்வரை எனக்கு முழுதாகப் புரியவில்லை. படியில் நின்று தங்கச்சி, “ஒரு மாசம்! ஒரே மாசம்க்கா!” என்று என்னை உலுக்கியபோதுதான் புரிந்தது.

மூவரும் பக்கத்தில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்கு நடந்தோம். மசால் தோசை வந்தது. நான் ஒரு விள்ளலை வாயில் வைத்தேன். தங்கச்சி என் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இப்பவே இன்சூரன்ஸ்ல சொல்லிரு.”

“புதுப்பிக்கிறப்பதானே கேப்பாங்க?”

“சூட்டோட சூடாச் சொல்லிரணும். அப்புறம்னா மனசு சாக்குத் தேடும்.”

ஸ்பீக்கரில் போட்டேன். பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். லைசென்ஸை ஒரு மாதம் நிறுத்தியதைச் சொன்னேன். அவள் விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. அந்த மாதத்தில் நான் ஓட்டக் கூடாது, ஓட்டி ஏதாவது ஆனால் பாலிசி கைகொடுக்காது என்றாள். அடுத்த புதுப்பிப்பில் பிரீமியம் கூடும் என்றாள். நான் ஓட்டி விபத்து நடந்தால் முதலில் நாங்கள் போட வேண்டிய பங்கும் கூடும் என்றாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். “நீங்களாகவே சொன்னதற்கு நன்றி,” என்றாள் அவள்.

தங்கச்சியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. குனிந்து போனுக்குள் பேசினாள். “ஹலோ மேடம், ஐ ஆம் ஆல்சோ இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஃப்ரம் இண்டியா. வெரி நைஸ் பாலிசி, மேடம். கார் கீ லாஸ்ட், யூ கிவ் மணி, வெரி வெரி நைஸ்.” அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இருவரும் தோசை ஆறும்வரை தொழில் பேசினார்கள். அவள் அம்மாவும் ஃபிஜியில் இன்சூரன்ஸ் விற்றவராம். போனை வைக்கும்போது தங்கச்சியின் முகம் விருது வாங்கியவள் முகம் மாதிரி இருந்தது.

அந்த ஒரு மாதம் ரயிலில் போனோம். மலைக்கு, துறைமுகத்துக்கு, படகில் ஏறித் தெரியாத இடங்களுக்கு. தங்கச்சி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் என் கோர்ட் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மாஜிஸ்ட்ரேட் கொஞ்சம் உயரமானார், நான் கொஞ்சம் தைரியமானேன். புதுப்பிப்பு வந்தபோது கணவர் தொகையைப் பார்த்துவிட்டு, “ஓம், ஏறித்தான் கிடக்கு,” என்றார். உடனே கட்டிவிட்டார்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்த காலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. திமிங்கிலங்கள் வடக்கே போகும் காலம். கடற்கரைப் பாறையிலிருந்து பார்த்தால் தெரியும் என்று கிளினிக்கில் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வீட்டைப் பூட்டிவிட்டு வருவதற்குள் தங்கச்சி முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பின் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கால்களை நீட்டினார். சீட்டின் இரு பக்கமும் கையால் தடவிப் பார்த்தார்.

“இஞ்ச பின்னால இவ்வளவு இடம் கிடக்கெண்டு எனக்குத் தெரியாது,” என்றார்.

நான் கண்ணாடியைச் சரிசெய்து அவரைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே ஜன்னலை இறக்கி, வெளியே பார்க்கத் தொடங்கியிருந்தார்.